விண்வெளிப் பயணமும் மெய்நிகர்ப் பயிற்சியும் – ஓர் அறிமுக ஆய்வு

முன்னுரை

குற்றால அருவியை மூன்று வகையாக அறியலாம். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியைப் படித்து அறிவது ஒரு வகை. தென்காசியிலிருந்து பேருந்தில் சென்று, அருவிக்கு எதிரே நின்று கண்ணாரக் கண்டு அறிவது மற்றொரு வகை. சாரல் பருவத்தில் அருவியின் அடியில் தலையைக் கொடுத்து நின்று அறிவது மூன்றாம் வகை. முதல் இரு வகைகளாலும் அருவியின் அழகையும் உயரத்தையும் அறிந்துகொள்ளலாம். ஆனால் தோளில் விழும் நீரின் கனத்தையும், காலடியில் வழுக்கும் பாறையையும், மூச்சு ஒரு கணம் நின்று மீள்வதையும் மூன்றாம் வகையால் மட்டுமே அறிய இயலும்.

இஸ்லாமிய ஞானியர் அறிவின் உறுதியை இவ்வாறே மூன்று படிகளாகப் பகுத்துள்ளனர். இல்முல் யகீன், ஐனுல் யகீன், ஹக்குல் யகீன் என்று திருக்குர்ஆனில் இடம்பெறும் தொடர்களே அப்படிகளுக்குப் பெயர்களாயின. கேட்டுப் பெறும் உறுதி, கண்டு பெறும் உறுதி, துய்த்துப் பெறும் உறுதி எனத் தமிழில் கூறலாம். நெருப்பு இருக்கிறது என்று கேட்டறிதல், நெருப்பைக் காணுதல், நெருப்புச் சுடுதலை உணர்தல் என இதற்குப் பெரியோர் உவமை காட்டுவர்.

ஆனால் மூன்றாம் படியில் கால் வைத்தால் உயிரே போய்விடக்கூடிய இடங்களும் உண்டு. விண்வெளி அத்தகையதோர் இடம். அங்கே பிழை செய்து பாடம் கற்க வாய்ப்பில்லை. அவ்வாறாயின், அங்குச் செல்வோர் எவ்வாறு பயிற்சி பெறுவர்? காண்பதற்கும் துய்ப்பதற்கும் இடையே இன்னொரு படியை மனிதன் அமைத்துக்கொண்டான். அதுவே மெய்நிகர்ப் பயிற்சி. அதன் இயல்பையும் பயனையும் எல்லையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

கணிப்பொறி உருவாக்கும் காட்சிகளை மனிதன் தன்னைச் சூழ்ந்த உலகமாகவே உணரச் செய்யும் கலைகள் பலவாகும். அவற்றை மூன்றாகப் பகுப்பது வழக்கம். கண்களை முற்றிலும் மூடும் கவசத்தை அணிந்து, வேறோர் உலகத்தினுள் நிற்பதாக உணர்வது மெய்நிகர். கண்முன் உள்ள உண்மைப் பொருளின்மேல் எழுத்தும் கோடும் அம்புக்குறியும் தோன்றும்படி செய்வது மிகைமெய். உண்மைப் பொருளும் கணிப்பொறிப் பொருளும் ஒன்றோடொன்று இயைந்து இயங்கச் செய்வது கலப்புமெய். இம்மூன்றையும் உள்ளடக்கிய பொதுப்பெயராக ஆங்கிலத்தில் எக்ஸ்டெண்டட் ரியாலிட்டி என்று வழங்குகின்றனர். நாம் அதனை விரிமெய் எனலாம்.

தமிழில் மெய் என்னும் சொல்லுக்கு உண்மை என்பதும் பொருள். உடல் என்பதும் பொருள். இத்துறைக்கு இச்சொல் வாய்த்தது பெரும்பேறு எனலாம். ஏனெனில் இக்கலை உண்மையைப் போன்ற காட்சியைக் காட்டுவதோடு நிற்பதில்லை. அக்காட்சியை உடலும் நம்புமாறு செய்கிறது. உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலின்கண் வெளிப்படுவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். அவர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. கவசம் அணிந்து சமதளத் தரையில் நிற்கும் ஒருவருக்கு மலையுச்சியின் விளிம்பு காட்டப்படுகிறது. தம் காலடியில் இருப்பது வகுப்பறைத் தரையே என்பதை அவர் அறிவார். ஆயினும் கால் பின்வாங்கும்; நெஞ்சு படபடக்கும்; உள்ளங்கை வியர்க்கும். அறிவு பொய்யென்று கூறியும் உடல் மெய்யென்று கொள்கிறது. இந்த மெய்ப்பாடே பயிற்சிக்கு அடிப்படையாகும்.

இயங்கும் முறை

பார்வை என்பது கண்ணிலிருந்து புறப்படும் கதிரால் நிகழ்வது என்று பண்டைய கிரேக்கர் பலர் எண்ணினர். பஸ்ராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் அதனை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணில் புகுவதாலேயே பார்வை நிகழ்கிறது என்று நிறுவினார். ஏழு பகுதிகளைக் கொண்ட அவருடைய கிதாபுல் மனாளிர் என்னும் நூல் பிற்காலத்தில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய ஒளியியலுக்கு வித்திட்டது. காண்பது கண் மட்டுமன்று, காட்சியை எடைபோட்டு முடிவு செய்யும் அறிவும் அதில் பங்கு கொள்கிறது என்பதையும் அவர் விளக்கினார். பார்வையில் நேரும் பிழைகளை ஆராய்வதற்கென்றே தம் நூலில் ஒரு பகுதியை ஒதுக்கினார். மெய்நிகர்க் கலை இந்த உண்மையின்மீதே நிற்கிறது.

நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6 செ.மீ. இடைவெளி உள்ளது. ஆதலால் ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறுபட்ட காட்சியைக் காண்கிறது. மூளை இரண்டையும் இணைத்து ஆழத்தை உணர்கிறது. சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர் இரு கண்களுக்கும் இரு படங்களைத் தனித்தனியே காட்டி, தட்டையான படத்தில் ஆழம் தோன்றச் செய்யும் கருவியை 1838இல் விளக்கிக் காட்டினார். அமெரிக்கரான ஐவன் சதர்லேண்ட் 1968இல் தலையில் அணியும் கணிப்பொறித் திரையை உருவாக்கினார். அது கூரையிலிருந்து தொங்கவிடவேண்டிய அளவுக்குக் கனமாக இருந்தது. இன்று அக்கருவி அரைக் கிலோ அளவில் அமைந்துவிட்டது.

கருவி அணிந்தவர் தலையைத் திருப்பினால் காட்சியும் உடனே திரும்பவேண்டும். தலை அசைவதற்கும் காட்சி மாறுவதற்கும் இடைப்பட்ட நேரம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு, அதாவது 20 மில்லி நொடிக்கு, மிகாதிருத்தல் வேண்டும் என்பர். தாமதம் மிகுந்தால் தலைசுற்றலும் குமட்டலும் தோன்றும். கண் ஒன்றைச் சொல்ல, உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு வேறொன்றைச் சொல்வதே இதற்குக் காரணம். மலைப்பாதையில் பேருந்தில் படித்துக்கொண்டு செல்பவருக்கு வயிறு புரட்டுவதும் இக்காரணத்தாலேயே ஆகும்.

விண்வெளி என்னும் கொடுஞ்சூழல்

பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28,000 கி.மீ. வேகத்தில் புவியைச் சுற்றி வருகிறது. ஒருமுறை சுற்றிவர 90 நிமிடங்களே ஆகின்றன. ஆதலால் அங்குள்ளோர் ஒரு நாளில் 16 முறை கதிரவன் எழுவதைக் காண்கின்றனர். வெளியே காற்றில்லை. வெயில் படும் பகுதி கொதிநீரினும் சூடாகவும், நிழற்பகுதி பனிக்கட்டியினும் பல மடங்கு குளிராகவும் இருக்கும். மேல், கீழ் என்னும் திசையுணர்வு மறைந்துவிடும். உட்செவியின் சமநிலை உறுப்பு புவியீர்ப்பையே துணையாகக் கொண்டது. அவ்வீர்ப்பை உணர வழியில்லாதபோது அது தடுமாறுகிறது. விண்வெளிக்குச் செல்வோருள் பாதிக்கு மேற்பட்டோர் முதல் சில நாட்களில் குமட்டலாலும் தலைச்சுற்றலாலும் துன்புறுகின்றனர்.

சோவியத் வீரர் அலெக்சி லியோனோவ் 1965 மார்ச் 18 அன்று முதன்முதலாக விண்கலத்துக்கு வெளியே மிதந்தார். வெற்றிடத்தில் அவருடைய உடை உப்பிப் பெருத்தது. மீண்டும் உள்ளே நுழைய இயலாமல், உடையிலிருந்த காற்றழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே அவர் உயிர்தப்பி உள்ளே வந்தார். தரையில் எவ்வளவு கற்றிருந்தும், அந்தச் சில நிமிடங்களை அவர் முதன்முதலாக அங்கேதான் சந்தித்தார். பின்வந்தோருக்கு அந்நிலை நேராதிருக்கவேண்டும் என்பதே பயிற்சியாளர்களின் கவலையாயிற்று.

ஒத்திகையின் வரலாறு

ஆபத்தில்லாத இடத்தில் ஆபத்தைப் பழகும் முறை விண்வெளிக்கு முன்னரே தோன்றியது. எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர் 1929இல் விமான ஓட்டிகளுக்கான பயிற்சிக் கருவி ஒன்றை அமைத்தார். அவருடைய தந்தையார் இசைக்கருவித் தொழிற்சாலை நடத்தியவர். அங்குப் பயன்பட்ட காற்றுத் துருத்திகளைக் கொண்டே, தரையை விட்டு எழாத அப்போலி விமானத்தைச் சாயவும் திரும்பவும் செய்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஏராளமான விமானிகள் அதில் பயிற்சி பெற்றனர்.

விண்வெளி வீரர்களுக்கு நீர்த்தொட்டிப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நாசா அமைத்துள்ள தொட்டி 202 அடி நீளமும் 102 அடி அகலமும் 40 அடி ஆழமும் உடையது. மிதக்கவும் மூழ்கவும் செய்யாத வகையில் எடை சமன் செய்யப்பட்ட வீரர், நீரினுள் விண்வெளி நிலையத்தின் மாதிரியில் வேலை செய்து பழகுவார். ஆயினும் நீருக்குச் சில குறைகள் உண்டு. நீர் அசைவைத் தடுக்கும். விண்வெளியில் அத்தடை இல்லை. அங்கே ஒரு பெரும்பொருளைத் தள்ளினால் அது சென்றுகொண்டே இருக்கும். நிறுத்துவதற்கும் அதே அளவு விசை வேண்டும். மேலும், நீருக்குள் தலைகீழாக நின்றால் குருதி தலைக்கு ஏறும். ஏனெனில் புவியீர்ப்பு அங்கும் உள்ளது. நீர் கற்பிக்க இயலாததை மெய்நிகர் கற்பிக்கிறது.

1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் ஆடி, தலைமுடியின் பருமனிலும் பலமடங்கு குறைந்ததொரு பிழையால் மங்கலான படங்களையே தந்தது. 1993 டிசம்பரில் ஏழு வீரர்கள் சென்று, ஐந்து முறை விண்வெளி நடை மேற்கொண்டு அதனைச் சீர்செய்தனர். இப்பணிக்காகத் தரையிலிருந்து வழிநடத்தும் குழுவினருக்கு மெய்நிகர்ப் பயிற்சி அளிக்கப்பட்டது. தாங்கள் ஒருபோதும் நேரில் நிற்கப்போகாத இடத்தில் நின்று, வீரர் எதைக் காண்பார், அவர் கைக்கு எது எட்டும், எது எட்டாது என்பதை அவர்கள் உணர்ந்தனர். பிறர் நிற்கும் இடத்தில் தாம் நின்று பார்க்கும் வாய்ப்பை அவர்களுக்கு இக்கலை அளித்தது.

மெய்நிகர் இன்றியமையாததாகும் இன்னொரு பயிற்சியும் உண்டு. வெளியே பணிபுரியும் வீரர் கயிறு அறுந்து மிதந்து சென்றுவிட்டால் மீள்வதற்கென, நைட்ரஜன் வளியைப் பீச்சும் சிறு கருவியொன்றை முதுகில் சுமக்கின்றனர். சேஃபர் எனப்படும் இக்கருவி 1994இல் விண்வெளியில் கயிறின்றிச் சோதிக்கப்பட்டது. உயிர்காக்க அதனைப் பயன்படுத்தவேண்டிய நிலை எவருக்கும் நேரவில்லை. எனினும் ஒவ்வொருவரும் அதனைப் பழகியே செல்கின்றனர். நீர்த்தொட்டியில் இதனைப் பழக வழியில்லை. ஹூஸ்டன் மெய்நிகர்க் கூடத்தில், நிலையத்தை விட்டு உருண்டு புரண்டு விலகுவதாகக் காட்டப்படும் காட்சியினுள் நின்று, கைப்பிடியை இயக்கித் திரும்பி வரப் பழகுகின்றனர். ஐக்கிய அரபு அமீரகத்தின் சுல்தான் அல் நியாதி 2023 ஏப்ரல் 28 அன்று ஏறத்தாழ ஏழு மணிநேரம் வெளியே பணிபுரிந்து, விண்வெளியில் நடந்த முதல் அரபியர் என்னும் சிறப்பைப் பெற்றார். அந்த ஏழு மணிநேரத்துக்குப் பின்னால் எத்துணை மணிநேர ஒத்திகை இருந்திருக்கும் என்பதை மாணவர்கள் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டு முயற்சிகள்

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் உந்துவிசை வளாகம் அமைந்துள்ளது. மூவரை 400 கி.மீ. உயரத்துக்கு அனுப்பி மீட்டுவரும் நோக்குடைய ககன்யான் திட்டத்தின் எந்திரங்கள் அங்கே சோதிக்கப்பட்டன. விகாஸ் எந்திரம் 2021 ஜூலை 14 அன்று 240 நொடிகள் தொடர்ந்து இயக்கப்பட்டது. கடுங்குளிர் எரிபொருளில் இயங்கும் சி.இ.20 எந்திரம் 2022 ஜனவரி 12 அன்று 720 நொடிகள் இயக்கப்பட்டது. எந்திரத்தைத் தரையில் கட்டிவைத்து, பறப்பதாகவே எண்ணி எரியவிடுதல் ஒருவகை ஒத்திகையே அன்றோ! எந்திரத்துக்கு மகேந்திரகிரி எதுவோ, மனிதனுக்கு மெய்நிகர்க் கூடம் அதுவாகும்.

இத்திட்டத்துக்குத் தேர்வான பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா ஆகிய நால்வரின் பெயர்கள் 2024 பிப்ரவரி 27 அன்று அறிவிக்கப்பட்டன. இவர்களுள் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நால்வரும் 2020 பிப்ரவரியில் தொடங்கி ஓராண்டுக்கு மேல் உருசியாவின் ககாரின் மையத்தில் பயின்று, பின்னர்ப் பெங்களூரில் பயிற்சியைத் தொடர்ந்தனர். இந்திய மனித விண்பயணத் திட்டத்துக்கான பயிற்சிகளை விரிமெய் முறையில் உருவாக்குவதற்காக, பெங்களூரில் உள்ள மனித விண்பயண மையமும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் 2023இல் உடன்பாடு செய்துகொண்டன. அக்கழகத்தில் பேராசிரியர் எம். மணிவண்ணன் தலைமையில் இயங்கும் விரிமெய் ஆய்வு மையம் இப்பணிக்குத் துணைநிற்கிறது. காட்சியோடு தொடுவுணர்வையும் கணிப்பொறி வழியே உண்டாக்குவது அவருடைய ஆய்வுத் துறையாகும். கையுறை அணிந்த விரலால் ஒரு பொத்தானை அழுத்தும்போது, அது அழுந்தியதை விரல் உணரவேண்டும். இல்லையேல் பயிற்சி கண்ணளவில் நின்றுவிடும்.

சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று புறப்பட்டு, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கி, ஜூலை 15 அன்று புவிக்குத் திரும்பினார். 1984இல் சென்ற ராகேஷ் சர்மாவுக்குப்பின் புவியின் சுற்றுப்பாதைக்குச் சென்ற இரண்டாம் இந்தியக் குடிமகன் இவர். அங்கே அவர் மேற்கொண்ட ஆய்வுகளுள், எடையற்ற நிலையில் மின்னணுத் திரைகளைக் கையாளும்போது கண்ணசைவும் செயல்திறனும் எவ்வாறு மாறுகின்றன என்பதும் ஒன்றாகும். திரையே ஆசிரியராக அமையப்போகும் காலத்துக்கு இவ்வாய்வு மிகவும் தேவையானது.

விண்ணிலேயே துணை

பயிற்சி தரையோடு முடிவதில்லை. ஆறு மாதங்களுக்கு முன் கற்றதை, அங்கே கைகள் செய்யவேண்டிய நேரத்தில் மறந்துவிடக்கூடும். ஆதலால் மிகைமெய்க் கண்ணாடிகளை விண்வெளிக்கே அனுப்பினர். முதலில் அனுப்பியவை 2015 ஜூன் 28 அன்று ஏவுகலம் வெடித்ததால் அழிந்தன. மீண்டும் அவ்வாண்டு டிசம்பரில் அனுப்பப்பட்டவற்றை ஸ்காட் கெல்லி 2016 பிப்ரவரியில் அணிந்து சோதித்தார். 2021இல் ஜப்பானிய வீரர் சோய்ச்சி நொகுச்சி, உடற்பயிற்சி ஓடுபொறியை ஆய்வு செய்யும்போது, கண்ணாடியினுள் தோன்றிய வழிகாட்டுதலையே பின்பற்றினார். புத்தகத்தைப் பிடிக்க ஒரு கை, கருவியைப் பிடிக்க ஒரு கை என்னும் இடர்ப்பாடு இதனால் நீங்குகிறது.

தொலைவு கூடுந்தோறும் இத்துணையின் தேவையும் கூடும். நிலவிலிருந்து கேட்கும் வினாவுக்கு மூன்று நொடிக்குள் விடை வந்துசேரும். செவ்வாயிலிருந்து கேட்டாலோ, செய்தி புவிக்கு வருவதற்கே 3 நிமிடங்கள் முதல் 22 நிமிடங்கள் வரை ஆகும். அத்துணை நேரம் காத்திருக்க இயலாத ஆபத்தில், கண்முன் தோன்றும் வழிகாட்டியே ஆசானாகும்.

உடலுக்கு மட்டுமன்றி உள்ளத்துக்கும் இக்கலை உதவுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆந்திரேயாஸ் மொகென்சென் நெடுநாள் விண்வெளியில் தங்கியிருந்தபோது, அவருடைய மனநலத்துக்கென 2023 நவம்பரில் மெய்நிகர்க் கவசம் ஒன்று அனுப்பப்பட்டது. மரமும் நீரும் மண்ணும் இல்லாத இடத்தில், அவற்றின் சாயலேனும் மனிதனுக்கு வேண்டியிருக்கிறது. 2007 அக்டோபரில் ரமளான் மாதத்தில் விண்வெளி சென்ற மலேசியரான ஷேக் முஸாபர் ஷுகோர், அந்நாட்டு மார்க்க அறிஞர்கள் வகுத்துத் தந்த தொழுகை நெறிமுறைகளுடன் சென்றதும் இங்கு நினையத்தக்கது. கிப்லாவின் திசையையும் தொழுகை நேரத்தையும் முன்கூட்டியே சிந்தித்து வகுத்த அச்செயலும் ஓர் ஆயத்தமே. எவ்வளவு உயரம் சென்றாலும் மனிதன் தன் வேரை உடன்கொண்டே செல்கிறான்.

எல்லைகள்

இக்கலையின் சிறப்புகளை மட்டும் கூறி நிறுத்துவது ஆய்வாகாது. மெய்நிகர், மெய்க்கு நிகரே அன்றி மெய் அன்று. அதனுள் நிகழ்வன யாவும் அதனை உருவாக்கியவர் முன்பே எண்ணிப்பார்த்தவை. எவரும் எண்ணாதது அதனுள் நிகழாது.

2013 ஜூலை 16 அன்று இத்தாலிய வீரர் லூக்கா பர்மிட்டானோ விண்வெளி நிலையத்துக்கு வெளியே பணிபுரிந்துகொண்டிருந்தார். அவருடைய தலைக்கவசத்தினுள் நீர் பெருகத் தொடங்கியது. எடையற்ற நிலையில் நீர் கீழே வழியாது. முகத்தில் ஒட்டிப் படரும். கண்ணும் மூக்கும் செவியும் நீரால் மூடப்பட்டன. அந்நேரத்தில் கதிரவனும் மறைந்தது. கயிற்றின் இழுவிசையையும், வழி பற்றிய நினைவையுமே துணையாகக் கொண்டு அவர் வாயிலை அடைந்தார். ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் கவசத்தில் சேர்ந்திருந்ததாகப் பின்னர் அறியப்பட்டது.

இந்நிகழ்ச்சியிலிருந்து இரண்டு பாடங்கள் பெறலாம். கண் பயன்படாதபோதும் கை வழி கண்டது. அது பயிற்சியின் வெற்றி. மற்றொரு பாடம் கசப்பானது. ஒரு வாரத்துக்கு முன், ஜூலை 9 அன்று நிகழ்ந்த நடையின் முடிவிலேயே அவருடைய தலைக்கவசத்தில் நீர் காணப்பட்டது. குடிநீர்ப் பை கசிந்திருக்கும் என்று கருதி, அதனை ஆராயாது விட்டுவிட்டனர். சிறந்த பயிற்சிக்கூடங்களை உடையவர்களும் கண்முன் தெரிந்த எச்சரிக்கையைத் தவறவிட்டனர். ஒத்திகை, விழிப்புக்கு மாற்றாகாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. மெய்நிகரில் வீழ்ந்தவர் கவசத்தைக் கழற்றிவிட்டுத் தேநீர் அருந்தச் செல்லலாம். பிழைக்குத் தண்டனையில்லாமை கற்போருக்கு நன்மை. ஆனால் அதுவே அலட்சியத்துக்கும் வழியாகலாம். எனவேதான் ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும், எங்கே தவறினோம், ஏன் தவறினோம் என்று ஆசிரியரும் மாணவரும் அமர்ந்து உரையாடுவதை இன்றியமையாததாகக் கொண்டுள்ளனர். கருவி எவ்வளவு வளர்ந்தாலும் ஆசிரியர் இடம் காலியாவதில்லை.

அருவிக்கரையில் ஒரு சிந்தனை

இவையெல்லாம் விண்வெளிக்குச் செல்லும் ஒரு சிலருக்கே உரியவை என்று எண்ணவேண்டா. கொடுஞ்சூழல் நம் ஊரிலும் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனக் காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தோர் சிதறி ஓடினர். பதினேழு வயது மாணவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். கீழே நிற்பவருக்கு வானம் தெளிவாகத் தெரியும். மழையோ மேலே மலையில் பெய்திருக்கும். நீரின் நிறம் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், இரைச்சல் கனப்பதும் சில நிமிடங்களுக்கு முன் கிடைக்கும் அறிகுறிகள். அவற்றை ஏட்டில் படித்தவர் பலர் இருக்கலாம். ஆனால் கண்டவுடன் கால்கள் மேட்டை நோக்கித் தாமே நகரவேண்டுமாயின், அவ்வறிவு உடலில் ஏறியிருத்தல் வேண்டும்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் மாண்டனர். தீ எத்திசையில் பரவும், எங்கே ஒதுங்கவேண்டும் என்பதைத் தீயின் நடுவில் நின்று கற்க இயலாது. தீயணைப்பு வீரர், வனக்காவலர், மீட்புப் பணியில் ஈடுபடும் இளைஞர் ஆகியோருக்கு விரிமெய்ப் பயிற்சி பெரிதும் பயன்படும். அருவியில் வெள்ளம் புகும் காட்சியை ஒரு கவசத்தினுள் அமைப்பது, விண்வெளி நிலையத்தை அமைப்பதைவிட எளிது. செலவும் மிகக் குறைவு. தேவையானவை மூன்று: இம்மலையையும் நீரையும் பல்லாண்டு அறிந்த உள்ளூர்ப் பெரியவர்களின் அனுபவம், கணிப்பொறி கற்ற நம் மாணவர்களின் திறமை, அதனைத் தெளிந்த தமிழில் எடுத்துரைக்கும் மொழிப்பயிற்சி. மூன்றாவதை வழங்குவது தமிழ்த்துறையின் கடமை. ஆபத்து வேளையில் கேட்கும் கட்டளை தாய்மொழியில் இருந்தால்தான் சிந்திக்காமலே கால் அதற்குக் கீழ்ப்படியும்.

முடிவுரை

ஆதித்யா எல்1 விண்கலம் 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று ஏறத்தாழ 15 இலட்சம் கி.மீ. தொலைவில் தனக்குரிய பாதையை அடைந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, நம் செங்கோட்டையில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கல்வி பயின்று, நெல்லை அரசு பொறியியற் கல்லூரியில் படித்து, 1987இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தவர். புவியிலிருந்து அனுப்பும் கட்டளை அக்கலத்தை அடையவே ஐந்து நொடிகள் ஆகும். கைக்கு எட்டாத தொலைவில் உள்ள ஒன்றைப் பிழையின்றி இயக்குவதற்கும், முன்பே எண்ணிப் பார்த்த ஆயத்தமே அடிப்படை. குற்றாலச் சாரல் வீசும் சிற்றூரிலிருந்து புறப்பட்ட ஒரு பெண்மணியால் இது இயன்றதென்றால், இக்கல்லூரி மாணவ மாணவியர்க்கும் இயலும்.

கேட்டு அறிதலும், கண்டு அறிதலும், துய்த்து அறிதலும் ஆகிய மூன்று படிகளுக்கிடையே மனிதன் புதிதாக அமைத்த படி இது. அதில் ஏறுவோர் அது படியே, மாடமன்று என்பதை மறவாதிருத்தல் வேண்டும். ஆபத்து வருமுன் அதனைப் பழகிக்கொள்வதும், பழகியபின்னும் விழிப்போடிருப்பதும் அறிவுடையோர் கடமை. அத்தகைய அறிவையும், அவ்வறிவைப் பிறர் உயிர்காக்கப் பயன்படுத்தும் நல்லெண்ணத்தையும் எல்லாம் வல்ல இறைவன் நம் மாணவச் செல்வங்களுக்கு அருள்வானாக!